திடீர் கோஸ்டா ரிக்கா பயணம்: செப்டம்பர் கடைசியில் எந்தப் பக்கம் போவது?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கணவன் மனைவி இருவர், அமெரிக்காவில் வேலை, இந்தியப் பாஸ்போர்ட், ஒருவருக்கு எச்-1பி வேலை விசா, மற்றவருக்கு எச்-4 துணைவர் விசா. செப்டம்பர் கடைசி வாரம் எதிர்பாராமல் விடுப்பு கிடைத்திருக்கிறது, கையில் ஆறு இரவு. கிளம்ப இரண்டு வாரம்கூட இல்லை. எரிமலை, மேகக் காடு, கடற்கரை மூன்றையும் முடித்துவிடலாமா, மழைக்காலம் என்கிறார்களே, சைவச் சாப்பாட்டுக்கு என்ன வழி என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகப் போகலாம். மத்திய அமெரிக்காவில் கடைசி நேரத்தில் முடிவெடுத்துக் கிளம்ப இதைவிடத் தோதான நாடு எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் எரிமலைக்கு லா ஃபோர்டுனா, மேகக் காட்டுக்கு மோன்டெவெர்டே, கடற்கரைக்கு மனுவேல் அன்டோனியோ என்று எல்லோரும் கையில் எழுதிக் கொடுக்கும் அந்த மூன்று ஊர்ப் பட்டியலைக் கிழித்துப் போடுங்கள். ஜனவரியில் போகிறவர்களுக்கு அது சரி. செப்டம்பர் கடைசியில் போகிற நீங்கள் எதிர்ப்பக்கம், கரீபியன் கரைக்குப் போக வேண்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன். விசா சரியில்லை என்றால் மற்றதெல்லாம் வீண் என்பதால் முதலில் அதைப் பார்ப்போம்.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்குக் கோஸ்டா ரிக்கா விசா தேவை. செல்லுபடியாகும், பலமுறை நுழையக்கூடிய அமெரிக்க அல்லது கனடா விசா வைத்திருப்பவர்களுக்குப் பொதுவாக அதிலிருந்து விலக்கு உண்டு, உங்கள் வகை விசாவுக்கு என்ன நிபந்தனை என்று பதியும் முன் சரிபார்த்துவிடுங்கள். இந்த விலக்கை நம்பித்தான் நீங்கள் போகப் போகிறீர்கள். எனவே பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் அமெரிக்க விசா ஸ்டாம்பின் தேதியைப் பாருங்கள். ஸ்டாம்ப் காலாவதியாகி, ஐ-797 ஒப்புதல் தாள் மட்டும் கையில் இருக்கிறது என்றால் இந்தப் பயணத்தை மறந்துவிடுங்கள். கோஸ்டா ரிக்கா ஒருவேளை உள்ளே விட்டாலும் திரும்பும்போது அமெரிக்கா விடாது. காலாவதியான ஸ்டாம்போடு குறுகிய பயணம் போய்த் திரும்பும் சலுகை உங்கள் வகை விசாவுக்குக் கனடா, மெக்சிகோ இரண்டுக்கும் மட்டும்தான். கோஸ்டா ரிக்கா பக்கத்தில் இருக்கிறதே என்று பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதத்துக்காவது செல்ல வேண்டும், திரும்பி வரும் டிக்கெட்டும் கையில் இருக்க வேண்டும். கோஸ்டா ரிக்கா குடிவரவுத் துறையின் விசா விதிப் பட்டியலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சிக்கல் வந்தால் பெரும்பாலும் அது கிளம்பும் விமான நிலையத்தில், செக்-இன் கவுன்டரில்தான் வரும். அங்கே நிற்பவருக்கு இந்த விலக்கு தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

இன்னொரு பொறி மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. அமெரிக்காவிலிருந்து நேராகப் போனால் அந்தப் பேச்சே இல்லை. பிரேசில், பெரு, பொலிவியா போன்ற நாடுகளுக்குப் போய்விட்டு உள்ளே வருபவர்களிடம் சான்றிதழ் கேட்பார்கள், அதுவும் போட்டுப் பத்து நாளாவது ஆகியிருக்க வேண்டும். திடீர்ப் பயணத்தில் அந்தப் பத்து நாள்தான் கிடைக்காது. ஆகவே இதோடு தென் அமெரிக்காவையும் ஒட்ட வைக்கலாம் என்ற யோசனை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்.

சரி, மழை. நாட்டின் நடுவே வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஒரு மலைத்தொடர் ஓடுகிறது. அதற்கு மேற்கே பசிபிக், கிழக்கே கரீபியன். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வறண்ட காலம், மே முதல் நவம்பர் வரை மழைக்காலம் என்று புத்தகங்களில் இருப்பது பசிபிக் பக்கத்துக்கும் சான் ஹோசே இருக்கும் நடுப் பள்ளத்தாக்குக்கும் பொருந்தும். கரீபியன் கரையின் கணக்கே வேறு. அங்கே ஆண்டின் பெரும்பகுதி வடகிழக்குக் காற்று கடல் ஈரத்தைக் கொண்டுவந்து மலையில் மோதி மழையாகக் கொட்டுகிறது. செப்டம்பர், அக்டோபரில் அந்தக் காற்று தளர்ந்துபோகிறது. அதே நேரம் பசிபிக்கிலிருந்து ஈரக்காற்று ஏறி வந்து மேற்குச் சரிவை நனைக்கிறது. விளைவு, பசிபிக் கரையில் ஆண்டிலேயே மோசமான மழை பெய்யும் இரண்டு மாதங்கள் கரீபியன் கரையில் வெயில் அடித்து, கடல் அலையடங்கி, தண்ணீர் தெளிந்திருக்கும் மாதங்களாகின்றன. மழைக்கோட்டு இல்லாமல் போங்கள் என்று சொல்லவில்லை. அந்தக் கரையின் வடக்கே இருக்கும் டோர்டுகேரோ பக்கம் எந்த மாதத்திலும் ஒரு மழை வந்து போகும். நாள் முழுக்க அறையில் உட்கார்ந்திருக்க வேண்டி வராது, அவ்வளவுதான்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. மே, ஜூன் மாதங்களில் பசிபிக் பக்கம் காலையில் வெயில், மதியம் ஒன்று இரண்டு மணிக்கு மேல் மழை என்று ஓர் ஒழுங்கு இருக்கும். விடிவது ஐந்தரைக்கு முன்பே என்பதால் காலையில் சீக்கிரம் எழுந்தால் நாள் வீணாகாது. செப்டம்பர் கடைசியில் அந்த ஒழுங்கு பல நாள் குலைந்துவிடும். காலையிலேயே தொடங்கி விடாமல் பெய்யும் நாட்கள் வரும். அந்தப் பருவத்தில் பசிபிக் ஓரத்தில் சில விடுதிகள் சில வாரங்களுக்குக் கதவையே அடைத்துவிடுகின்றன.

அப்புறம் தூரம். வரைபடத்தைப் பார்த்து ஏமாறாதவர்கள் குறைவு. நாட்டின் மொத்தப் பரப்பே 51,100 சதுர கிலோமீட்டர். இவ்வளவு சின்ன நாட்டில் ஒரு வாரத்தில் நாலு இடம் பார்க்க முடியாதா என்று தோன்றும். லா ஃபோர்டுனாவும் மோன்டெவெர்டேயும் காக்கை பறக்கும் தூரத்தில் கூப்பிடு தொலைவுதான். நடுவில் அரேனால் ஏரியும் மலையும் இருப்பதால் காரில் சுற்றிப்போக மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். வேன், படகு, மறுபடி வேன் என்று ஏரியைக் கடந்து போனாலும் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். மோன்டெவெர்டேயிலிருந்து மனுவேல் அன்டோனியோவுக்கு நாலு மணி நேரத்துக்கு மேல். பெரும்பாலான சாலைகள் ஒருவழிக்கு ஒரு தடம்தான், முன்னால் ஒரு லாரி ஏறிக்கொண்டிருந்தால் அதன் வேகம்தான் உங்கள் வேகம். மாலை ஐந்தரை, ஆறுக்குள் இருட்டிவிடும், ஆண்டு முழுக்க அப்படித்தான். இருட்டிய பிறகு மலைச்சாலையில் ஓட்டாதீர்கள். மூடுபனி, விளக்கில்லாத வளைவுகள், ஓரத்தில் நடந்துபோகும் மனிதர்கள். ஆறு இரவுக்கு இரண்டு இடம் போதும். மூன்றாவது இடத்தைச் சேர்த்தால் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் வேனின் ஜன்னலாக இருக்கும்.

ஆக நான் போடும் வழி: இறங்கிய அன்று அலஹுவேலாவில் ஓர் இரவு, டோர்டுகேரோவில் இரண்டு, அதே கரையில் தெற்கே உள்ள கவீட்டா அல்லது புவேர்ட்டோ வியெஹோவில் இரண்டு, கடைசி இரவு மறுபடி அலஹுவேலா. சான் ஹோசே விமான நிலையம் என்று டிக்கெட்டில் இருந்தாலும் அது உண்மையில் அலஹுவேலா ஊர் ஓரத்தில்தான் இருக்கிறது. தலைநகருக்குள் போய் நெரிசலில் மாட்டிக்கொள்ளத் தேவையில்லை.

டோர்டுகேரோவுக்குச் சாலையே கிடையாது. படகில் போக வேண்டும், அல்லது சின்ன விமானத்தில். வழக்கமான வழி, அதிகாலை கிளம்பி மலையைத் தாண்டி, கரியாரி வழியாக வாழைத் தோட்டங்களுக்குள் புகுந்து லா பவோனா என்ற படகுத்துறைக்குப் போய், அங்கிருந்து ஒரு மணி நேரம் போல ஆற்றுப் படகு. வேனும் படகும் சேர்த்து ஒரே டிக்கெட்டாக விற்கிறார்கள், முதல் நாள் இரவு விடுதியில் சொன்னால்கூட ஏற்பாடு செய்துவிடுவார்கள். மதியத்துக்கு மேல் விமானம் இறங்கினால் அன்றே போய்விடலாம் என்று முயல வேண்டாம், கடைசிப் படகைத் தவறவிட்டால் துறையில் தங்க நல்ல இடமில்லை.

கால்வாய்க்கு அக்கரையில் நீச்சல் குளத்தோடு பெரிய லாட்ஜ்கள் இருக்கின்றன. மூன்று வேளைச் சாப்பாட்டோடு பேக்கேஜாக விற்பவை. நான் ஊருக்குள்ளேயே தங்கச் சொல்வேன். கார் இல்லாத ஊர், ஒரு பக்கம் கால்வாய், மறு பக்கம் கடல், நடுவில் சில நூறு மீட்டர் மணல் திட்டு. எங்கே வேண்டுமானாலும் நடந்து போகலாம், எந்தக் கடையில் வேண்டுமானாலும் சாப்பிடலாம், மறுநாள் படகுக்கு வழிகாட்டியிடம் நீங்களே பேசி விலை கேட்கலாம்.

அங்கே போவதே ஆமைக்காக. ஜூலையிலிருந்து அக்டோபர் நடுவரை பச்சைக் கடலாமைகள் முட்டையிட அந்தக் கரைக்கு வருகின்றன. 1975இல் தேசியப் பூங்காவாக ஆனதற்கு முன்பே, 1950களிலேயே, ஆர்ச்சி கார் என்ற அமெரிக்க உயிரியலாளர் இங்கே ஆமைகளை ஆராயத் தொடங்கிவிட்டார். உலகின் நீண்டகால கடலாமை ஆய்வுகளில் ஒன்று இன்றும் இந்த மணலில்தான் நடக்கிறது. நீங்கள் போகும் வாரத்தில் சீசன் முடியும் தறுவாயில் இருக்கும். முட்டையிட வரும் தாய்களோடு முன்பு இட்ட முட்டைகளிலிருந்து வெளிவரும் குஞ்சுகளையும் காண வாய்ப்புண்டு. இரவில் அனுமதி பெற்ற வழிகாட்டி இல்லாமல் கடற்கரையில் கால் வைக்கக் கூடாது. போன், கேமரா இரண்டுக்கும் தடை, கருப்பு அல்லது அடர் நிறச் சட்டைதான் போட வேண்டும். கையில் டார்ச் இல்லாமல், முன்னால் போகிறவரின் முதுகைப் பார்த்துக்கொண்டு மணலில் நடப்பீர்கள். ஆமை குழி தோண்டும் வரை தள்ளி நிறுத்திவிடுவார்கள். முட்டையிடத் தொடங்கிய பிறகு அது சுற்றுமுற்றும் கவனிப்பதில்லை. அப்போதுதான் வழிகாட்டி பின்பக்கமாக ஒரு சிவப்பு விளக்கைத் தாழ்வாகப் பிடிப்பார். பிங்பாங் பந்து அளவில் முட்டைகள் இரண்டும் மூன்றுமாக விழுவது தெரியும். ஒரு குழியில் நூறுக்கு மேல் இருக்கும். முடிந்ததும் பின் துடுப்பால் மூடி மெத்தும், பிறகு முன் துடுப்பால் மணலை வாரி வீசும். பக்கத்தில் நின்றால் முகத்திலேயே அடிக்கும்.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கால்வாய்ப் படகு. மோட்டார் படகைவிடத் துடுப்புப் படகைக் கேட்டு வாங்குங்கள், சத்தமில்லாமல் கிளைக் கால்வாய்களுக்குள் போகும். குரங்கு, முதலை, ஆற்றோரம் இறகை விரித்துக் காயவைக்கும் அனிங்கா பறவை எல்லாம் அங்கே கைக்கெட்டும் தூரத்தில். ரொக்கம் கையில் வைத்துக்கொண்டு போங்கள், ஊரில் ஏடிஎம்மை நம்ப வேண்டாம்.

டோர்டுகேரோவிலிருந்து தெற்கே போக வந்த வழியே திரும்பலாம், அல்லது கால்வாய் வழியாகவே மோயின் துறைமுகம் வரை மூன்று மணி நேரத்துக்கு மேல் படகில் போகலாம். இரண்டாவது கொஞ்சம் விலை கூடினாலும் பார்க்கவேண்டிய பயணம். அங்கிருந்து கவீட்டா சாலையில் ஒரு மணி நேரம் போல.

கவீட்டாவா, புவேர்ட்டோ வியெஹோவா? இரண்டுக்கும் நடுவே அரை மணி நேரம்கூட இல்லை. சீக்கிரம் தூங்கி சீக்கிரம் எழுபவர்கள் என்றால் கவீட்டா. இரவில் பாட்டும் கூட்டமும் வேண்டும், சைக்கிள் வாடகைக்கு எடுத்து மன்சானியோ வரை கடலோரச் சாலையில் போக வேண்டும் என்றால் புவேர்ட்டோ வியெஹோ. இந்தப் பகுதி மக்களில் பலர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ரயில் பாதை போடவும் பிறகு வாழைத் தோட்டங்களில் வேலை செய்யவும் ஜமைக்காவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள். ஸ்பானிய மொழியோடு கரீபிய ஆங்கிலமும் காதில் விழும். உங்களுக்கு மொழிச் சிக்கல் பாதி குறையும்.

கவீட்டா தேசியப் பூங்காவுக்கு ஊர்ப்பக்க வாசலில் கட்டணம் கிடையாது, விரும்பியதை உண்டியலில் போடலாம். 1994இல் அரசு வெளிநாட்டவர் கட்டணத்தை ஒரேயடியாக உயர்த்தியபோது ஊர்க்காரர்கள் எதிர்த்து அந்த வாசலைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். இப்போது அரசும் ஊரும் சேர்ந்து நடத்துகின்றன. முன்பதிவு, நேர ஒதுக்கீடு எதுவும் இல்லாமல் காலையில் எழுந்து நடந்து உள்ளே போகலாம் என்பது திடீர்ப் பயணிக்குப் பெரிய வரம். ஒரு பக்கம் காடு, மறு பக்கம் கடல், நடுவே சமதளமான பாதை. கரையோரப் பவளத்திட்டு 1991 ஏப்ரலில் வந்த லிமோன் நிலநடுக்கத்தில் நிலம் உயர்ந்ததால் நிறையச் சேதமானது. மிச்சமிருப்பதை ஸ்நார்கெல் என்ற மூச்சுக்குழாய் போட்டுப் பார்க்க நீங்கள் போகும் மாதம்தான் நல்லது. வழிகாட்டியோடுதான் பவளத்திட்டுக்குப் போக முடியும்.

காட்டிலும் முதல் நாளாவது வழிகாட்டியோடு போங்கள். காசு வீண் என்று நினைப்பவர்கள் இங்கே மனம் மாறிவிடுவார்கள். ஸ்லாத் என்ற மெதுவாக நகரும் விலங்கு மரக்கிளையில் சுருண்டு கிடக்கும்போது காய்ந்த இலைக் குவியல் மாதிரிதான் இருக்கும். நீங்கள் அண்ணாந்து அந்த மரத்தைக் கடந்து போய்க்கொண்டே இருப்பீர்கள். வழிகாட்டி முக்காலியில் தொலைநோக்கியை நட்டு, திருகித் திருகி நிறுத்திவிட்டு நகர்வார். நீங்கள் கண் வைத்தால் வளைந்த மூன்று நகமும், ரோமத்தில் படர்ந்த பச்சைப் பாசியும் தெரியும். பாதையோர மரங்களில் கண்ணுக்கு மேலே இமைமுடி போலச் செதில் நீட்டிக்கொண்டிருக்கும் மஞ்சள் விரியன் பாம்பும் உண்டு. பளிச்சென்ற நிறம்தான், ஆனாலும் சொல்லித் தராவிட்டால் அதன் பக்கத்திலேயே கை ஊன்றிவிடுவீர்கள். தொடாமல் இருந்தால் அது பேசாமல் கிடக்கும்.

எரிமலை ஆசையை அடக்க முடியவில்லை என்றால் கடைசி நாள் காலை போவாஸ் இருக்கிறது. அலஹுவேலாவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், 2,708 மீட்டர். பூங்காத் துறையான சினாக்கின் இணையதளத்தில் முன்கூட்டியே நேரம் பதிந்து டிக்கெட் எடுக்க வேண்டும், வாசலில் விற்க மாட்டார்கள். பள்ளத்தின் விளிம்பில் இருபது நிமிடம்தான் நிற்கவிடுவார்கள். குமுறல் கூடினால் அடைத்துவிடுவார்கள், அடைக்காத நாளிலும் ஒன்பது பத்து மணிக்கு மேல் மேகம் மூடிக்கொள்ளும். ஆகவே முதல் நேர ஒதுக்கீட்டை எடுங்கள், கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள். லா ஃபோர்டுனா பக்கத்து அரேனால் எரிமலை 2010 முதலே அடங்கிவிட்டது. இரவில் நெருப்புக் குழம்பு வழியும் படங்களெல்லாம் அதற்கு முந்தியவை. அதைப் பார்க்கத்தான் லா ஃபோர்டுனா போக வேண்டும் என்று இருந்தால் அந்தக் காட்சி இப்போது இல்லை. வெந்நீர் ஊற்றுகள் இருக்கின்றன, நன்றாகவும் இருக்கும், அதற்கு ஜனவரியில் ஒரு தடவை வாருங்கள்.

இந்த வழிக்குக் கார் வேண்டாம். டோர்டுகேரோவில் அது படகுத்துறையில் சும்மா நிற்கும், கரீபியன் ஊர்களில் சைக்கிள் போதும். பகிர்ந்து போகும் வேன்களை இரண்டு மூன்று நாள் முன்னால் பதிந்தால் கிடைத்துவிடும். பொதுப் பேருந்து இன்னும் மலிவு, ஆனால் சான் ஹோசேயில் எல்லா ஊருக்கும் சேர்த்து ஒரே நிலையம் கிடையாது. ஒவ்வொரு தடத்துக்கும் ஒவ்வோர் இடம், எதற்கு எங்கே என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள். விமான நிலையத்தின் அங்கீகரிக்கப்பட்ட டாக்சிகள் ஆரஞ்சு நிறம், நகரில் ஓடுபவை சிவப்பு. சிவப்பு டாக்சியில் ஏறியதும் மீட்டரைப் போடச் சொல்லுங்கள், அவர்கள் அதை மரியா என்பார்கள்.

இதையும் மீறிக் கார் எடுப்பேன் என்றால், இணையத்தில் நாளைக்குச் சில டாலர் என்று காட்டும் வாடகையை நம்பாதீர்கள். மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி கட்டாயம். உங்கள் கிரெடிட் கார்டு தரும் காப்பீடு அதற்கு ஈடாகாது. பல முன்பதிவுத் தளங்கள் அதைச் சேர்க்காமல் விலை காட்டும், கவுன்டரில் போய் நிற்கும்போது காட்டிய வாடகையைவிடக் காப்பீடு அதிகமாக இருக்கும். உள்ளூர் நிறுவனத்துக்கு எழுதி, கட்டாயக் காப்பீடு உட்பட மொத்தம் எவ்வளவு என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆற்றைக் கடக்கும்போது தண்ணீர் புகுந்தால் எந்தக் காப்பீடும் தராது. சான் ஹோசேக்குள் வார நாட்களில் நம்பர் பிளேட்டின் கடைசி எண்ணைப் பொறுத்துத் தடை உண்டு: திங்கள் 1, 2, செவ்வாய் 3, 4 என்று வெள்ளி 9, 0 வரை. வாடகைக் காருக்கும் இது பொருந்தும். வழி காட்ட வேஸ் செயலிதான், ஏனென்றால் முகவரி என்பதே பல ஊர்களில் தேவாலயத்திலிருந்து தெற்கே 200 மீட்டர், பிறகு கிழக்கே 50 மீட்டர் என்கிற மாதிரிதான் இருக்கும். விடுதியிடம் வரைபடப் புள்ளியையே அனுப்பச் சொல்லுங்கள். பெட்டியைக் காரில் வைத்துவிட்டுக் கடற்கரைக்கு இறங்கவே இறங்காதீர்கள், கண்ணாடியை உடைத்து எடுப்பது இங்கே அடிக்கடி நடக்கும் திருட்டு.

பணம்: கொலோன். ஒரு டாலருக்குச் சுமார் 500 என்று மனதில் வைத்துக்கொண்டால் கணக்குப் போட எளிது. டாலரும் பல இடங்களில் ஓடும், மீதியைக் கொலோனில் தருவார்கள். கிழிந்த நோட்டை வாங்க மாட்டார்கள். விமான நிலையத்தில் பணம் மாற்றும் கவுன்டரைக் கடந்து போய் ஏடிஎம்மில் எடுங்கள். உணவக ரசீதில் 13 சதவீத வரியும் 10 சதவீத சேவைக் கட்டணமும் ஏற்கெனவே இருக்கும், அதற்கு மேல் டிப்ஸ் வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மலிவான நாடு என்று நினைத்துப் போகாதீர்கள். பக்கத்து நாடான நிகராகுவாவோடு ஒப்பிட்டால் விலை அதிகம். ஆனால் உங்கள் மாதத்தில் அறை வாடகை ஆண்டிலேயே குறைவாக இருக்கும், கரீபியன் பக்கம் நல்ல வானிலையும் அந்த விலையும் சேர்ந்து கிடைப்பதுதான் விசேஷம்.

சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், கொஞ்சம் கேள்வி கேட்கத் தெரிந்தால் போதும். சோடா என்று பலகை போட்ட சின்னக் குடும்ப உணவகங்களைத் தேடுங்கள். காலையில் காயோ பிந்தோ, அதாவது சோறும் கருப்பு அல்லது சிவப்பு பீன்ஸும் சேர்த்து வதக்கியது. மதியம் கசாதோ, ஒரே தட்டில் சோறு, பீன்ஸ், சாலட், பழுத்த வாழைப்பழப் பொரியல், கூடவே ஓர் இறைச்சி. இறைச்சிக்குப் பதில் முட்டையோ சீஸோ காய்கறியோ வைக்கச் சொன்னால் வைப்பார்கள். சின் கார்னே, அதாவது இறைச்சி இல்லாமல், என்று மட்டும் சொன்னால் கோழியோ மீனோ வந்து நிற்கலாம், கார்னே என்றால் பலருக்கு மாட்டிறைச்சி மட்டும்தான். சின் கார்னே, சின் போயோ (கோழி இல்லாமல்), சின் பெஸ்காதோ (மீன் இல்லாமல்) என்று மூன்றையும் சொல்லுங்கள். பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் தாளிக்கும் கடைகள் உண்டு, மாந்தேக்கா போட்டிருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். கரீபியன் கரையில் உங்களுக்கு யோகம். அங்கே சோறும் பீன்ஸும் தேங்காய்ப் பாலில் வேகிறது, மேலே முழு மிளகாய் போட்டு மணம் ஏற்றுவார்கள். வாழைப்பழப் பூரணம் வைத்த பிளான்டின்டா என்ற இனிப்பை வாங்கிப் பாருங்கள், பக்கத்திலேயே அடுக்கியிருக்கும் பத்தி என்பது இறைச்சி வைத்தது, மாற்றி எடுத்துவிடாதீர்கள்.

குழாய்த் தண்ணீர் பெரும்பாலான ஊர்களில் குடிக்கலாம். கொசு விரட்டி மறக்க வேண்டாம், டெங்கு இருக்கிறது. கடலில் அமைதியாகத் தெரியும் இடத்திலும் உள்ளே இழுக்கும் நீரோட்டம் இருக்கும், பெரும்பாலான கடற்கரைகளில் உயிர்காப்பாளர் கிடையாது. டோர்டுகேரோவில் கடலில் இறங்கவே வேண்டாம், நீந்துவதைப் புவேர்ட்டோ வியெஹோவுக்குப் பக்கத்தில் இருக்கும் பூந்தா உவா கடற்கரையில் வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் அன்றைய நிலவரத்தை விடுதியில் கேட்டுவிட்டு.

இப்போதே பதிந்துவிட வேண்டியவை: விமானம், முதல் இரவும் கடைசி இரவும், டோர்டுகேரோ அறை. போவாஸ் வேண்டுமென்றால் அதன் டிக்கெட். மற்றவற்றை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். கவீட்டா பிடித்துவிட்டால் புவேர்ட்டோ வியெஹோவை விட்டுவிடுங்கள், பிடிக்காவிட்டால் பேருந்து ஏறி மாறிவிடுங்கள், அறை இருக்கும். இந்தச் சுதந்திரம் கிறிஸ்துமஸ் வாரத்திலும் ஈஸ்டருக்கு முந்திய புனித வாரத்திலும் கிடைக்காது, அப்போது உள்ளூர்க்காரர்களே நகரங்களைக் காலி செய்து கடற்கரைக்கு வந்துவிடுவார்கள்.

கடைசி இரவை ஏன் கடலோரத்திலேயே வைக்காமல் அலஹுவேலாவுக்கு இழுக்கிறேன் என்று தோன்றலாம். கரீபியன் பக்கத்திலிருந்து திரும்பும் 32ஆம் எண் சாலை குவாபிலெஸ் தாண்டியதும் பிராவ்லியோ கரியோ தேசியப் பூங்காவின் மலைக்குள் ஏறுகிறது. கடலோரம் வெயில் அடித்தாலும் அந்த மலையில் மழை பெய்யும், மண் சரியும், சாலையை மணிக்கணக்கில், சில சமயம் நாள் கணக்கில் மூடிவிடுவார்கள். மூடினால் துரியால்பா வழியாகச் சுற்ற வேண்டும், அது வளைந்து வளைந்து ஏறும் ஒடுக்கமான சாலை, எல்லா லாரிகளும் அன்று அதில்தான் வரும். விமான நாளன்று காலை கவீட்டாவிலிருந்து கிளம்புவது சூதாட்டம். முந்தின நாளே காலை ஏழு எட்டு மணிக்குப் புறப்பட்டுவிடுங்கள். வழி திறந்திருந்து மதியத்துக்குள் சான் ஹோசே வந்துவிட்டால் நேரம் போக்கத் தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது. 1948 டிசம்பர் 1 அன்று அப்போது நாட்டை ஆண்ட ஹோசே ஃபிகேரெஸ் ராணுவத்தையே கலைப்பதாக அறிவித்து, சுவரில் சம்மட்டியால் அடித்த அதே பெயாவிஸ்தா படைமுகாம் கட்டடம்தான் அது, அந்த ஆண்டு நடந்த உள்நாட்டுச் சண்டையில் பாய்ந்த குண்டுகளின் தழும்புகள் அதன் கோபுரச் சுவரில் இன்னும் இருக்கின்றன. திங்கட்கிழமையாக இருந்தால் மட்டும் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு போங்கள்.